பாட்டுத் தவிடு

ஏழாங்குறிச்சியில் கல்யாணம் பேசுகிறவர்கள் முதலில் பந்திக்கு எத்தனை கூட்டு என்று கேட்பார்கள், அடுத்து டிஜேயிடம் எத்தனை பாட்டு இருக்கிறது என்று கேட்பார்கள், மாப்பிள்ளை என்ன படித்திருக்கிறார் என்பதெல்லாம் அதற்கப்புறம்தான். என்ன பாட்டு, காதுக்கு இதமாக இருக்குமா என்று ஒரு ஆள் கேட்கமாட்டார். எண்ணிக்கைதான் கணக்கு. ஒரு வரவேற்பில் எப்படிப் பார்த்தாலும் பதினெட்டுப் பாட்டுக்கு மேல் ஓடாது, அதற்குள் பிரியாணி தீர்ந்துவிடும், ஜெனரேட்டர் படுத்துவிடும், இல்லையென்றால் மாமன் மச்சான்களுக்குள் சட்டை கிழிந்துவிடும். ஆனாலும் பக்கத்து ஊர் டிஜே இருபதாயிரம் பாட்டு வைத்திருக்கிறான் என்றால் நம் ஊர்க் கல்யாணத்துக்கு இருபத்தோராயிரமாவது வேண்டாமா, ஊர் மானம் என்று ஒன்று இல்லையா?

அந்த ஊரில் சொரிமுத்து தன் நாற்பத்திரண்டாவது வயதில் டிஜே ஆவதென்று முடிவெடுத்தார். அதுவரை பதினாறு வருஷம் பஜாரில் ஒரு பாத்திரக்கடையில் நின்றவர். அக்கா மகன் கல்யாண வரவேற்பில், கறுப்புச் சட்டை போட்ட டிஜே ஒருவன் ஹெட்போனை ஒரு காதில் மட்டும் சாய்த்து வைத்துக்கொண்டு நிற்க, பெண்ணைப் பெற்றவரே தன் கையால் ரோஸ்மில்க் கொண்டுபோய்க் கொடுத்து, "தம்பி, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டதைப் பார்த்த நாளிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பதினாறு வருஷத்தில் எத்தனை கல்யாணச் சீருக்குக் குத்துவிளக்கும் குடமும் எடுத்துக் கொடுத்திருப்பார், ஒருத்தராவது சாப்பிட்டீரா என்று கேட்டதுண்டா? ஒரு காதை மூடிக்கொண்டால் மரியாதை தானாக வருகிறது என்று அவருக்குப் புரிந்துபோயிற்று.

"இத்தனை வயசுக்கு மேல எதுக்குங்க இது? கடையில நல்லாத்தானே இருக்கீங்க?" என்று அவர் மனைவி ஆவுடையம்மாள் கேட்டாள். கேட்டாள் என்பது உண்மை. அது சொரிமுத்துவின் காதில் ஏறியதா என்றால் சத்தியம் பண்ண முடியாது. பத்தொன்பது வருஷமாக ஆவுடை பேசுவது அந்த வீட்டில் மிக்ஸி ஓடுகிற மாதிரி பழகிப்போன ஒரு சத்தம். ஓடுகிறது என்று தெரியும், என்ன அரைக்கிறது என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

பக்கத்து ஊர்க்காரனுக்கு இரண்டு மடங்காக நாற்பதாயிரம் பாட்டு என்று கணக்குப் போட்டுக்கொண்டு, திருநெல்வேலியில் டிஜே சாமான் விற்கிற கடைக்குப் போனார். பாத்திரக்கடை ஆள் அல்லவா, எதை வாங்கினாலும் விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டி, ஓசை கேட்டு, கையில் தூக்கிக் கனம் பார்த்துத்தான் வாங்குவார். கண்ணை மூடிக்கொண்டு தட்டிப் பார்த்தே இது பித்தளை, இது வெண்கலம், இது ஈயம் பூசி ஏமாற்றியது என்று சொல்லிவிடுகிற காது அது. கடையில் இருந்த பெண் பொறுமைசாலி. அவர் தட்டுவதை எல்லாம் தடுக்காமல், இசைத்தட்டு சுழற்றுகிற டர்ன்டேபிளை முதலில் காட்டினாள்.

"இது பழக நாளாகும் சார். ஆனா கை பழகிட்டுன்னா பாட்டு உங்க விரலுக்குக் கீழ நிக்கும்."

"ஒரு தட்டுல எத்தன பாட்டும்மா?"

"பக்கத்துக்கு நாலஞ்சு."

"அஞ்சா!" சொரிமுத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாற்பதாயிரம் பாட்டு கொண்டுபோகணும்னா லாரில்லா பிடிக்கணும்?"

சிடி போடுகிற மிஷினைக் காட்டினாள். ஒரு சிடிக்குப் பதினைந்து பாட்டு என்றதும் அதைத் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. கடைசியாக, லேப்டாப்பில் மாட்டுகிற கன்ட்ரோலர் என்று ஒன்றை எடுத்து வைத்தாள். இரண்டு வட்டம், நடுவில் குமிழ் குமிழாகத் திருகு, சுற்றிலும் விளக்கு. புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு இதுதான் தோது என்றாள். சொரிமுத்து தட்டினார், பிளாஸ்டிக். தூக்கினார், கனமே இல்லை. ஆனால் சுவிட்சைப் போட்டதும் முப்பத்திரண்டு விளக்கு எரிந்ததைப் பார்த்து மனசு சமாதானம் ஆகிவிட்டது.

"பாட்டை எந்த ஃபார்மட்ல வச்சிருக்கீங்க சார்? பெரிய ஃபைலா வச்சா பாட்டு முழுசா இருக்கும், இடத்தை அடைக்கும். எம்பி3யா மாத்திச் சின்னதாக்கினா நிறைய ஏறும். ஆனா ரொம்பச் சின்னதாக்கிராதீங்க, பெரிய ஸ்பீக்கர்ல போட்டா தகரம் மாதிரி கேக்கும்."

"சின்னதாக்கும்போது எதைம்மா எடுக்கும்?"

"பெரிய சத்தத்துக்குப் பக்கத்துல நிக்கிற சின்னச் சத்தத்தை எடுத்துரும். காதுக்குத் தெரியவா போகுதுன்னு அதுவா முடிவு பண்ணி."

"காதுக்குத் தெரியாததை வச்சிருந்து என்ன செய்ய? எடுத்துத் தள்ள வேண்டியதுதான்," என்றார் சொரிமுத்து. தகரச் சத்தத்தைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை, பதினாறு வருஷம் அதற்கு நடுவில்தான் நின்றிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து, நடுவீட்டில் மேசை போட்டு, உள்ளதிலேயே ஆகச் சின்ன அளவைத் தேர்ந்தெடுத்து, நகத்தளவு பென்டிரைவில் நாற்பதாயிரம் பாட்டையும் ஏற்ற ஆரம்பித்தார். முதல் நாள் மத்தியானம் மேசைக்கடியில் கைப்பிடி அளவு தவிடு கிடந்தது. சாம்பல் நிறம், சலித்த மாதிரி பொடி. ஒரு சிட்டிகை எடுத்துக் காதருகே கொண்டுபோனால் பாட்டில் இருந்து வெட்டப்பட்டதெல்லாம் கேட்டது: வயலின்காரர் தாள் புரட்டுகிற சரசரப்பு, மிருதங்கக்காரர் மோதிரம் விளிம்பில் பட்ட சத்தம், தம்புரா ஒலியின் வால், பாடகி அடுத்த அடி எடுக்குமுன் இழுத்த மூச்சு, யாரோ தூரத்தில் டீ கிளாஸைக் கீழே வைத்தது. ஆவுடை துடைப்பத்தோடு வந்து பார்த்தாள். "காலையில வீட்டைப் பெருக்கி முடிக்கிறதுக்கு முன்னாடி இந்த வேலைய வச்சுக்கிட்டா என்ன?" என்றாள். அதுவும் காற்றோடு போயிற்று.

பதினோரு நாளில் நாலு மூட்டை சேர்ந்தது. அது மட்டுமா, சொரிமுத்து நாற்பதாயிரம் வைத்திருக்கிறாராம் என்று கேள்விப்பட்டதும், ஊரில் செல்போன் வைத்திருந்தவர்கள் எல்லாம் தங்கள் பாட்டையும் அதே அளவுக்குச் சுருக்கிக்கொள்ள, வீட்டுக்கு வீடு தவிடு கொட்டியது. குப்பை வண்டி தள்ளுகிற முப்பிடாதி வந்து, ஒரு சிட்டிகையைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது மக்குறதா மக்காததா அண்ணாச்சி? பச்சைத் தொட்டியில போடவா, நீலத்துல போடவா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. சொரிமுத்துவுக்குத் தெரியவில்லை, வார்டு உறுப்பினருக்குத் தெரியவில்லை, செயல் அலுவலர் மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார், மேலிடம் 'ஒலி' என்பது தங்கள் துறையில் வராது என்று பதில் எழுதியது. ஆகவே பேரூராட்சி கூடி, மூன்றாவதாக ஒரு தொட்டி வைப்பதென்று தீர்மானம் போட்டது. தொட்டி வைப்பதில் ஒருவருக்கும் ஆட்சேபணை இல்லை, நிறத்தில்தான் தகராறு: சிவப்பு ஒரு கட்சி, கறுப்பு ஒரு கட்சி, மஞ்சள் ஒரு சங்கம், காவி சொல்லவே வேண்டாம். எட்டுக் கூட்டம் நடத்தி, எவன் கொடியிலும் இல்லாத ரோஸ் நிறத்துக்கு ஒப்புக்கொண்டார்கள்.

அப்புறம் ஊர் அதைப் பழகிக்கொண்டது. எதைத்தான் பழகிக்கொள்ளாது ஏழாங்குறிச்சி? தூக்கம் வராத பென்ஷன்காரர்கள் தலையணையில் பஞ்சுக்குப் பதில் தம்புராத் தவிட்டை அடைத்துக்கொண்டு குறட்டை விட்டார்கள். வார்டு உறுப்பினர் ஆள் வைத்துச் சலித்து, மேடைக் கச்சேரிப் பாட்டில் இருந்து உதிர்ந்த கைதட்டலை மட்டும் தனியாகப் பிரித்து எடுத்துப்போய்த் தன் கூட்டங்களில் தூவினார். கீழத் தெருவில் ஒரு கோழி அதைக் கொத்தித் தின்றுவிட்டு இட்ட முட்டைகள் வேகும்போது லேசாக ராகம் இழுத்தன. முட்டை சாப்பிட்டவர்களுக்கு ஒரு கோளாறும் இல்லை, அதனால் கோழியை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

சொரிமுத்துவுக்கோ யோகம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டியது. 'நாற்பதாயிரம் பாட்டு சொரிமுத்து' என்று பஸ் ஸ்டாண்டு எதிரில் பிளெக்ஸ் வைத்தார்கள். மண்டபத்துக்கு மண்டபம் கூப்பிட்டார்கள். பாட்டு எல்லாம் தகரத்தைச் சுரண்டுகிற மாதிரிதான் கேட்டது, ஆனால் பாட்டுக்குள் காலியாகக் கிடந்த இடத்தில் அவரவர் சத்தமாகப் பேசிக்கொள்ள முடிந்ததால் ஜனங்களுக்கு அது வசதியாகவே இருந்தது. பெண்ணைப் பெற்றவர்கள் ரோஸ்மில்க் கொண்டுவந்தார்கள். "சாப்பிட்டீரா?" என்று கேட்டார்கள். ஒரு காதில் ஹெட்போன் இருந்ததால் அவர்களை இரண்டு தரம் கேட்க வைத்து, அந்தச் சுகத்தையும் அவர் அனுபவித்தார்.

சித்திரை கடைசிச் செவ்வாய் அம்மன் கோயிலில் கொடைத் திருவிழா. அதற்கு நாலு நாள் முன்னால் கொடைக் கமிட்டித் தலைவர் நல்லபெருமாள் ஒரு பழைய டேப்ரெக்கார்டரையும் கேசட்டையும் தூக்கிக்கொண்டு வந்தார். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் ஊர்ப் பணத்தில் பதிவு செய்த அம்மன் பாட்டு. முன்னால் நின்று பாடியவர் திருநெல்வேலிக்காரர்; பின்பாட்டுக்கு உயர்நிலைப் பள்ளியில் இருந்து நாலு பெண்பிள்ளைகளைக் கூட்டிப் போனார்கள். அட்டையில் பாடியவர் படமும் பெயரும் கமிட்டியார் பத்துப் பேர் பெயரும் இருந்தன, பிள்ளைகளுக்கு 'மற்றும் குழுவினர்' என்று இருந்தது. அந்த நாலு பேரில் கடைசியாக, தபேலாவுக்குப் பக்கத்தில் நின்று பாடியவள் ஆவுடை. கல்யாணமான புதிதில் அதைச் சொரிமுத்துவிடம் மூன்று தடவை சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு கொடையிலும் குழாய் ஸ்பீக்கரில் அந்தப் பாட்டு வரும்போது பொங்கல் பானையை அப்படியே விட்டுவிட்டு ஸ்பீக்கருக்கு அடியில் போய் நிற்பாள், தபேலாவுக்கு இந்தப் பக்கம் தன் குரல் வருவது அவளுக்கு மட்டும் தெரியும். டேப்ரெக்கார்டர் கெட்டுப்போய் நாலு வருஷமாக அதுவும் இல்லை; இப்போதுதான் நல்லபெருமாள் அதை ரிப்பேர் பார்த்திருக்கிறார்.

"வே, இதையும் உம்ம பென்டிரைவுல ஏத்திரும். நாற்பதாயிரத்து ஒண்ணுன்னு பிளெக்ஸ்ல மாத்திரலாம்," என்றார் நல்லபெருமாள்.

"ஏங்க, டேப்பாவே போடுங்களேன்," என்றாள் ஆவுடை, காபி டம்ளரோடு நின்றுகொண்டு. "அதைச் சின்னதாக்க வேண்டாம். அதுல நானும்..."

"சீனி கம்மியா இருக்கு பாரு," என்றார் சொரிமுத்து, வயரைச் செருகிக்கொண்டே.

நாலே நிமிஷம். பாட்டு ஏறிவிட்டது. இந்தத் தடவை விழுந்தது பொடியாக இல்லை. சுண்டைக்காய் அளவில் ஒற்றை உருண்டை, மேசைக்காலில் பட்டு அலமாரிக்கடியில் ஓடியது. சீனி போட்டுக்கொண்டு வந்த ஆவுடை, "இந்தாங்க" என்று சொல்ல வாயைத் திறந்தாள், வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. டம்ளரை மேசையில் வைத்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்தாள்.

சொரிமுத்துவுக்கு அது தெரிய அஞ்சு நாள் ஆயிற்று. ஐயோ, அஞ்சு நாள்! முதல் இரண்டு நாள் அவர் எதையும் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் டீக்கடையில், "இப்பல்லாம் வீட்டுல வேலை நல்லா ஓடுது வே" என்று சொன்னார். நாலாம் நாள் கொடை. உச்சிப் பூஜையின்போது நாற்பதாயிரத்து ஒன்றாவது பாட்டு எட்டுத் திக்கும் கேட்டது. நாலு குரல் இருந்த இடத்தில் மூன்று குரல் பாடியது, ஊரில் ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியவில்லை, அம்மன்கூடக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. ஆவுடை மட்டும் ஸ்பீக்கருக்கு அடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் பானைக்குத் திரும்பிப் போனாள். ஐந்தாம் நாள் காஸ் சிலிண்டர் கொண்டுவந்தவன்தான், "அண்ணாச்சி, அக்கா வாய அசைக்காங்க, ஒண்ணும் கேக்கலியே. உடம்புக்கு முடியலியா?" என்று கேட்டான்.

பஞ்சாயத்து வீட்டு வாசலிலேயே நடந்தது. சத்தத்தை வெட்டுகிற வீட்டில் ஒரு சத்தம் காணாமல் போயிற்று என்றால் அது தவிட்டோடு போயிருக்கும், வேறெங்கே போகும் என்று முப்பிடாதி சொன்னாள். யாருக்கும் மறுபேச்சு இல்லை. ஆனால் கூட்டம் கலைந்த பிறகு நல்லபெருமாள் மட்டும் பின்தங்கி, துண்டை இந்தத் தோளில் இருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்.

"வே, எந்த சைஸ்ல வச்சு மாத்தினீரு?"

அவருக்குப் பிறகு ஒவ்வொருத்தராக வந்தார்கள். கையில் செல்போன், செல்போனில் அவரவர் வீட்டுச் சண்டை. ஆண் குரல் ஓங்கி இருக்கும், பக்கத்தில் பெண் குரல். சுருக்கினால் ஓங்கினது நிற்கும், பக்கத்தில் நின்றது உதிரும். பதிலுக்கு இரண்டு மூன்று பெண்கள் தங்கள் புருஷன் கத்துவதைப் பதிவு செய்து கொண்டுவந்தார்கள். அது எந்த அளவுக்குச் சுருக்கினாலும் ஒரு மயிரும் உதிரவில்லை, மிஷினுக்கும் யாரை விட்டுவைப்பது என்று தெரிந்திருந்தது. சொரிமுத்து மறுத்திருக்கலாம். ஆனால் வந்தவர்கள் எல்லாம் "டிஜே சார்" என்றார்கள். பதினாறு வீடு அமைதியாயிற்று.

ஊர் அதையும் பழகிக்கொண்டது. ரேஷன் கடை வரிசை சரசரவென்று நகர்ந்தது, எடை குறைகிறது என்று சொல்ல ஆள் இல்லை. பகுதி சபைக் கூட்டம் பதினோரு நிமிஷத்தில் முடிந்தது. மேலத் தெருவுக்குத் தண்ணீர் வராததைப் பற்றிய மனு ஒன்றும் வரவில்லை, ஆகையால் மேலத் தெருவுக்குத் தண்ணீர் வருவதாகக் குறித்துக்கொண்டார்கள். மாவட்டத்திலேயே அமைதியான பேரூராட்சி என்று ஏழாங்குறிச்சிக்கு ஒரு கேடயம் அறிவித்தார்கள். செயல் அலுவலர் அதை வைக்க ஒரு கண்ணாடி அலமாரிக்கு அளவெடுத்தார்.

சொரிமுத்து எப்போது பயந்தார் என்றால், வள்ளியூரில் ஒரு கல்யாணத்தை முடித்துவிட்டு வந்த மறுநாள் காலையில். நாற்பதாயிரத்து ஒன்று என்றதும் சம்பந்திமார் எழுந்து நின்ற கதையை ஆவுடையிடம் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டு, பழக்கத்தில் நிறுத்தினார். அவர் எப்போதும் அந்த இடத்தில் நிறுத்துவார், அவள் ஏதோ சொல்வாள், அவர் காதில் வாங்காமல் மேலே போவார். இப்போது நிறுத்தியும் ஒன்றும் வரவில்லை. அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்துப் பார்த்தார். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, இந்தப் பத்தொன்பது வருஷத்தில் அவள் சொன்னது எதுவாவது ஞாபகம் வருமா என்று துழாவிப் பார்த்தார், வரவில்லை. பிட்ட இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டார். எதிரில் இருக்கிறவள் பொம்மை மாதிரி தட்டை எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்து, வாழ்க்கையில் முதல்தடவையாக, இவள் பேசாமலே இருந்துவிட்டால் நான் என்ன ஆவேன் என்று நினைத்தார்.

அன்றைக்கே ஹெட்போனை எடுத்துக்கொண்டு ஊர்க்கோடிக் குப்பைக் கிடங்குக்குப் போனார். ரோஸ் தொட்டிகள் கொட்டிய மேடு பனை உயரத்துக்கு நின்றது. ஒப்புக்கொண்ட கல்யாண ஆர்டர்களை ரத்து செய்தார், பிளெக்ஸ் கிழிந்து தொங்கியது. காலையில் போவார், வெயில் சாயும்வரை கிளறுவார், குரல் என்று படுகிற உருண்டையை எடுத்து வேட்டியில் முடிந்துகொண்டு வந்து ஆவுடையிடம் நீட்டுவார். அவள் அதை நாக்கில் வைத்துப் பார்ப்பாள்.

முதலில் கொண்டுவந்தது ஒரு சினிமாப் பின்பாட்டுக் குரல். தேன் என்றால் தேன். "வாங்க, சாப்பிடலாமா?" என்று ஆவுடையின் வாயில் இருந்து அது வந்தபோது சொரிமுத்து கிறங்கிப்போனார். இதையே வைத்துக்கொண்டால்தான் என்ன என்று ஒரு நிமிஷம், உள்ளதைச் சொல்வதென்றால் இரண்டு மூன்று நிமிஷம், அவர் மனசு சபலப்பட்டது. ஆவுடை அவர் முகத்தைப் பார்த்தாள், வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தாள். அடுத்தது எடுத்துவந்தது ஒரு பாகவதரின் கனைப்பு. அதோடு அரை மணி நேரம் அவள் வீட்டில் நடமாடியதில் பக்கத்து வீட்டுக்காரர் விருந்தாளி வந்திருப்பதாக நினைத்து எட்டிப் பார்த்தார். அப்புறம் எத்தனையோ. ஒவ்வொன்றையும் நாக்கில் வைத்தாள், தலையை ஆட்டினாள், கையைக் கழுவிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

பதின்மூன்றாம் நாள் முப்பிடாதி வண்டியை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நீங்க ஒத்தையில கிடந்து சாகுறதப் பாத்தா பாவமா இருக்கு அண்ணாச்சி. நானும் தேடுதேன். அக்கா குரல் எப்பிடி இருக்கும்னு சொல்லுங்க."

சொரிமுத்து வாயைத் திறந்தார்.

"தடிச்ச குரலா, மெலிசா? மூக்கால பேசுவாங்களா? கடைசியில இழுப்பாங்களா?"

நூறு பாத்திரத்தைக் கண்ணை மூடித் தட்டி நூறுக்கும் பெயர் சொல்கிற மனுஷன், தவிட்டுக்கு நடுவில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, பதில் தெரியாமல் முழித்தார். முப்பிடாதி எழுந்து, "சரி, விடுங்க" என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தார். ஆவுடை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"இனிமே தேடி பிரயோஜனம் இல்ல ஆவுடை. அது என் கையில கிடைச்சிருக்கும். எத்தனையோ தடவை எடுத்துப் பாத்துட்டு நானே கீழ போட்டிருப்பேன். எனக்கு உன் குரல் தெரியாது. தெரியாமலே இத்தனை வருசம் உன்கூட இருந்திருக்கேன்." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது, வெங்காயத்தின் மேல் பழி போடவும் அவருக்குத் தோன்றவில்லை.

ஆவுடை கத்தியைக் கீழே வைத்தாள். எழுந்து அடுப்படி மேல்தட்டில் இருந்து பெருங்காய டப்பாவை எடுத்தாள், மூடியைத் திறந்தாள், சுண்டைக்காய் அளவு ஒன்றை எடுத்து முந்தானையில் துடைத்து வாயில் போட்டு விழுங்கினாள்.

"பெருங்காயம் தீந்து மூணு வாரமாச்சு," என்றாள்.

கொஞ்சம் கரகரத்த, கடைசி எழுத்தில் இறங்கி முடிகிற குரல். சொரிமுத்து அதைப் புதிதாகக் கேட்டார்.

"இங்கயா இருந்துச்சு?"

"பெருக்குறவ நான்தானே. அன்னைக்கே எடுத்து வச்சுட்டேன்."

"என்கிட்ட ஏன் காட்டல?"

"குரல் இருந்தப்ப சொன்னதெல்லாம் கேட்டுட்டீங்களாக்கும்," என்றாள் ஆவுடை. "எல்லா வீட்டுலயும் இருக்கு டப்பா. பதினாறு வீட்டுலயும். நாங்க குழாயடியில கையைக் காட்டியே பேசி வச்சிருக்கோம், அவங்கவங்க ஆளு வந்து கேக்கட்டும்னு. நீங்கதான் மொத ஆளு." அதில் கொஞ்சம் பெருமை இருந்த மாதிரிகூடத் தெரிந்தது. "எந்திரிக்காதீங்க. உக்காருங்க. எனக்கு நிறையச் சொல்லணும்."

அவர் உட்கார்ந்தார். அவள் சொன்னாள். கொல்லைப்புற மோட்டார் சுவிட்சைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது, ஒருநாள் தூக்கியே எறிந்துவிட்டது. அவர் அக்கா வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு வருகிறாள், பத்து நாள் இருப்பாள். அந்தக் கொடைப் பாட்டில் நாலாவது குரல் தன்னுடையது. வீட்டுச் சொந்தக்காரர் வந்து ஆடி பிறப்பதற்குள் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டுப் போனார். பாத்திரக்கடை முதலாளி ஆள் அனுப்பினார், வந்தால் சேர்த்துக்கொள்வாராம்.

"காலி பண்ணணுமா!" என்று சொரிமுத்து பதறி எழப்போனார்.

"உக்காருங்க. இப்ப நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க பாப்போம்."

பரீட்சை எழுதுகிறவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, விரல் விட்டு எண்ணிக்கொண்டே சொன்னார். "மோட்டார் ஷாக் அடிக்குது. அக்கா வெள்ளிக்கிழமை வாறா, பத்து நாள். வீட்டைக் காலி பண்ணணும். முதலாளி கூப்பிடுதாரு." ஒன்றையும் விடவில்லை என்ற நிம்மதியில் அவர் முகம் மலர்ந்தது.

ஆவுடை அவர் மடக்கிய விரல்களை எண்ணிப் பார்த்தாள்.

"நடுவுல ஒண்ணு விட்டுப்போச்சு," என்றாள்.

"எது?"

அவள் வெங்காயத் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, அவருக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, மோட்டார் சுவிட்சில் இருந்து மறுபடியும் ஆரம்பித்தாள்.